எஸ்தர் அத்தையும் ஏழு ஆண்களும்

கிளட்ச் கருகும் வாடையை ஒருமுறை அருகில் நின்று முகர்ந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். தேங்காய் நாரையும் தலைமுடியையும் சேர்த்து எரித்தது போன்ற அந்த வாடை மூக்கின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்த இரண்டு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரில்கூடக் கலந்து வரும். மற்றவர்களுக்கு மாசி மாதம் என்றால் மாசி மகமும், கடற்கரையில் வந்து நிற்கும் சாமிகளும், ஈர மணலில் தொலைத்த செருப்பும் நினைவுக்கு வரலாம். எனக்கு அந்த வாடைதான் வரும். என் பத்தாவது வயதிலிருந்து பத்தொன்பதாவது வயது வரை, ஒவ்வொரு மாசியிலும் அது அப்பாவின் சட்டையிலும் எஸ்தர் அத்தையின் பின்னலிலும் நான் படுத்த பாயிலும் இருந்தது.

அப்பாவுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் சாலையோரமாக ஒரு மெக்கானிக் ஷெட்டு இருந்தது. எஸ்தர் அத்தை அப்பாவின் ஒரே தங்கை, அவரைவிட ஒன்பது வயது இளையவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஸ்பேனரோடு வளர்ந்தவள் என்பதால், பிளஸ் டூ முடித்ததும் டீச்சர் டிரெய்னிங் போகச் சொன்ன தாத்தாவின் பேச்சைக் கேட்காமல் கனரக லைசென்ஸ் எடுத்து, செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப் போகும் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனிகளின் கேட்டில் நின்ற ஆட்கள் அவளுடைய பெயரை அப்போதெல்லாம் கேட்டதில்லை. “தண்ணி கேனு வந்துடுச்சு” என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார்கள்.

பந்தயம் நடந்த இடம் சிதம்பரத்துக்குச் சற்று முன்னால், வெள்ளாற்றுப் பாலம் தாண்டி இருந்தது. முன்பு நெல் விளைந்த நிலம் அது. ஒருவர் வாங்கி மண் அடித்து, மஞ்சள் வண்ணம் பூசிய கற்களை நட்டு மனைகளாகப் பிரித்துப் போட்டிருந்தார். ஆனால் வாங்கத்தான் ஆள் வரவில்லை. ஊர் அவரைப் ‘பிளாட்டுக்காரர்’ என்றது. மனை பார்க்க வராத கூட்டம் வேடிக்கை பார்க்கவாவது வரட்டும் என்று, மாசி மகம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையன்று கற்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கிவிட்டு, பழைய டயர்களைக் கோழிமுட்டை வடிவத்தில் வரிசையாக நட்டு, கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்து ஷெட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பழைய கார்களை ஓடவிட்டார். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. ‘ரவுண்டு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். எட்டு வண்டி, எட்டுச் சுற்று. எஞ்சினில் கை வைக்கக் கூடாது, கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிவிடுவார்கள், டிரைவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டுகளைப் பிடுங்கிவிடுவார்கள், கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்துவிடுவார்கள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ‘உரசலாம், அடிக்கக் கூடாது’ என்பது இரண்டாவது விதி. முதல் விதியைத்தான் எல்லோரும் மதித்தார்கள்.

சுற்றின் தெற்கு மூலையில் ஒரு பாசன வாய்க்கால் ஓடியது. அந்த வளைவில் பிரேக் பிடிக்காமல் திரும்ப முடியாது. கூட்டம் அங்கேதான் நிற்கும்.

அப்பா நான்கு வருடம் ஓட்டினார், ஒருமுறைகூட மூன்றாவது இடத்தைத் தாண்டவில்லை. ஐந்தாவது வருடம், பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஜாக்கி நழுவி அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. வேறு ஷெட்டுக்காரர்கள் எல்லோரும் ஆள் தர மறுத்துவிட்டார்கள். அன்று மதியம் சாப்பாட்டின்போது அத்தை, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், தான் ஓட்டுவதாகச் சொன்னாள். அப்பா முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், பிறகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள், வேறு வழியில்லை என்று தெரிந்ததும், “கடைசியா வந்தாலும் பரவால்ல, வண்டிய முழுசா கொண்டாந்து சேரு” என்று மட்டும் சொன்னார். அந்த வண்டியை மூன்று வருடமாக சர்வீஸ் செய்து ஓட்டிப் பார்த்துக் கொடுத்தது அவள்தான் என்பதை அவர் அப்போதும் சொல்லவில்லை.

பிளாட்டுக்காரர் பெயர் எழுதிக்கொண்டபோது தடுக்கவில்லை. பெண் ஓட்டுகிறாள் என்றால் இரண்டு பங்கு கூட்டம் வரும் என்பது அவருடைய கணக்கு, வந்தது. மைக் பிடித்தவர் கட்சிக் கூட்டங்களில் பேசிப் பழகிய ஆள். ஒவ்வொரு வண்டியாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தவர், அத்தையின் முறை வந்ததும் பெயரைச் சொல்லாமல், “எட்டாம் நம்பரு. சமையக்கட்டுலேந்து நேரா வந்திருக்காங்க. சட்டுனு வுடுங்கப்பா, போயி சோறாக்கணும்” என்றார். கூட்டம் சிரித்தது. அத்தை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினாள். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள். அதையும் மைக் விடவில்லை.

கடைசியாகப் புறப்பட்டவள் இரண்டு சுற்றுக்குள் மூன்று வண்டிகளைத் தாண்டினாள். நான் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேரோடு வரப்பின் மேல் நின்றிருந்தேன். அவள் நான்காவது வண்டியையும் தாண்டியபோது கூட்டத்தின் சத்தம் குறைந்தது. சிரிக்க வந்தவர்களுக்குச் சிரிப்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் பாஸ்கர், சிதம்பரத்து ஷெட்டுக்காரர், மூன்று வருடமாகத் தொடர்ந்து ஜெயித்தவர். ஐந்தாவது சுற்றில் அவர் வேகத்தைக் குறைத்து அத்தையைத் தன் பக்கத்தில் வரவிட்டார். பின்னாலிருந்து பண்ருட்டி வண்டி நெருக்கியது. வாய்க்கால் வளைவில் பாஸ்கர் ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்தார். அத்தையின் வண்டி டயர் வரிசையின் மேல் ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து, வாய்க்காலுக்குள் விழுந்தது.

சற்று நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது, தலை வந்தது, உடம்பு முழுக்கக் கருஞ்சேற்றோடு அத்தை ஊர்ந்து வெளியே வந்து, எழுந்து, வழுக்கி மறுபடியும் விழுந்தாள். மைக்கில் குரல் வந்தது: “மாசி மகம் முடிஞ்சி போச்சேன்னு பாத்தோம், தங்கச்சி தீர்த்தவாரி ஆடிட்டு வர்றாங்க.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கடலை விற்றுக்கொண்டிருந்த பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வண்டியை டிராக்டர் வைத்து இழுத்து மேலே ஏற்றியதும், யாரோ ஒருவர் ஒரு பழைய புடவையை பானட்டில் போர்த்தி, பம்பரில் துடைப்பம் ஒன்றைக் கட்டினார். அப்படியே அதை மைதானத்தைச் சுற்றி ஒரு வலம் இழுத்துப் போனார்கள். இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு அத்தை நின்ற இடத்திலேயே நின்று அதைப் பார்த்தாள்.

நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையில் மற்றவர்களைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவள் விழுந்தபோது நான் பயந்து வரப்பிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தது உண்மை. அவள் எழுந்து நின்றதும், பயம் போய், பக்கத்தில் எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சேற்றுக்காரியின் மருமகளாக நிற்பது பிடிக்காமல், முதலில் கையால் வாயை மூடிக்கொண்டும் பிறகு கையை எடுத்துவிட்டும் சிரித்தேன். அத்தை அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பினாள். அத்தனை பேரில் அவள் கண் என் மேல்தான் வந்து நின்றது.

தோளெலும்பு முறிந்திருந்தது. திருவதிகையில் கட்டுக் கட்டும் வைத்தியரிடம் அப்பா கூட்டிப் போனபோது நானும் போயிருந்தேன். எங்கே விழுந்தாய் என்று அவர் விசாரித்தார். பதிலைக் கேட்டதும் கட்டை இன்னொரு சுற்று இறுக்கினார். அத்தையின் கண்ணில் நீர் வந்தது, சத்தம் வரவில்லை. ஊரில் எங்கள் ஷெட்டுக்குத் ‘தொடப்பக்கட்ட ஷெட்டு’ என்று பெயர் வந்துவிட்டது. வேலைக்கு வண்டி விட வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்கள். அப்பா அதற்கும் அத்தையைத்தான் பேசினார். “பொம்பள கையில வண்டியக் குடுத்தேன் பாரு, எம் புத்திய அடிச்சுக்கணும்” என்பதை அவள் காதில் விழும்படி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை என்னிடம் அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் போலத் தலை வாரிவிட்டாள், கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த வருட மழையில் வெள்ளத்தில் மூழ்கிப்போய், உரிமையாளரும் வேண்டாம் என்று கைவிட்ட ஒரு சின்ன வெள்ளைக் கார் ஷெட்டின் பின்புறம் கிடந்தது. அதற்குள் தோள் கூடியிருந்த அத்தை அதைப் பிரித்து, சேறு வழித்து, மார்கழிக்குள் ஓடவைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லோரும் ஆராதனைக்குக் கிளம்பும்போது அவள் வண்டியை எடுத்துக்கொண்டு செம்மங்குப்பம் போய்விடுவாள். கம்பெனிகளுக்குப் பின்புறம் லாரிகள் திரும்புவதற்காக விட்டிருந்த ஒரு பெரிய பொட்டல் இருந்தது, அன்றைக்கு மட்டும் காலியாக இருக்கும். காற்றில் எப்போதும் அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும் இடம்.

ஒரு ஞாயிறு என்னையும் வரச் சொன்னாள். ஆராதனைக்குப் போகாமல் தப்பித்த சந்தோஷத்தில் ஏறிக்கொண்டேன். பக்கத்து சீட்டு இல்லை. தகரத் தரையில் உட்கார்ந்து, வெல்டிங் வைத்திருந்த கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு வட்டம் போட ஆரம்பித்தாள். முதல் நாலைந்து வட்டம் குடை ராட்டினம் போல இருந்தது. பத்தாவதில் நிறுத்தச் சொன்னேன். அவள் முகம் நேராக முன்னால் பார்த்தபடியே இருந்தது. கம்பியில் என் முழங்கை மோதி மோதி ரத்தம் கசிந்தது. கத்தினேன், அழுதேன், கர்த்தரைக் கூப்பிட்டேன், கடைசியில் என் மடியிலேயே வாந்தி எடுத்தேன். அப்போதுதான் வண்டி நின்றது. என் பக்கம் திரும்பி, கோபம் எதுவும் இல்லாத குரலில் சொன்னாள்:

“இப்ப சிரிடி.”

எஞ்சின் துடைக்கும் அழுக்குத் துணி ஒன்றை என் மேல் போட்டுவிட்டு இறங்கி, டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அடுத்த மாசியில் அந்த வெள்ளைக் காரோடு அவள் தன் பெயரைத் தானே போய்க் கொடுத்தாள். அப்பா தடுக்கவும் இல்லை, ஷெட்டின் பெயரைப் போட அனுமதிக்கவும் இல்லை. கோடு போட்ட இடத்தில் வண்டிகள் நின்றபோது பாஸ்கர் அவள் ஜன்னல் அருகே வந்து, நாலு பேர் கேட்கும்படி, “இந்தத் தடவ நீச்சல் கத்துக்கினு வந்தியா?” என்று விசாரித்தார். அவர் கெட்டவர் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். அங்கே எல்லோரும் பேசியதைத்தான் அவரும் பேசினார், எல்லோரும் செய்ய நினைத்ததைக் கொஞ்சம் திறமையாகச் செய்தார், அவ்வளவுதான். அத்தை பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

இந்த முறை இரண்டாவது சுற்றிலேயே பாஸ்கருக்குப் பின்னால் வந்துவிட்டாள். அதன்பிறகு தாண்டவில்லை. இரண்டு இடத்தில் தாராளமாக வழி இருந்தது. வரப்பில் நின்ற அப்பா, தன்னை மறந்து, “போயேன், போயேன், ஏன் போக மாட்டேங்கறா” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எட்டாவது சுற்று வந்தது. வாய்க்கால் வளைவில் பாஸ்கர் எப்போதும் போல பிரேக்கை மிதித்தார். எல்லோரும் கியரைக் குறைக்கிற அந்த இடத்தில் அத்தையின் எஞ்சின் சத்தம் ஏறியது. அவருடைய பின்சக்கரத்துக்கு நேராக அவள் வண்டியின் மூக்கு போய் இறங்கியது. பாஸ்கரின் கார் இரண்டு முறை உருண்டு, வாய்க்கால் மதகின் சிமெண்டுக் கட்டையில் மோதி, சக்கரங்கள் மேலே பார்க்க நின்றது. அத்தை நிறுத்தவில்லை. வண்டியை நேராக்கிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினாள்.

பிறகு கைதட்டல் ஆரம்பித்தது. நான் நின்ற வரப்பிலிருந்து இரண்டு பக்கமும் தெரிந்தது. ஒரு பக்கம் ஏழெட்டுப் பேர் கடப்பாரையோடு பாஸ்கரின் காரை நெம்பிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் நூறு பேர் அத்தையின் காரை நோக்கி ஓடினார்கள். அவளை ஜன்னல் வழியாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். போன வருடம் துடைப்பம் கட்டிய கைகளும் அதில் இருந்தன. மைக்கில் முதல் முறையாக அவள் பெயர் வந்தது: “எஸ்தர் அக்கா, எஸ்தர் அக்கா.” அப்பா, “எந்தங்கச்சி, மேல்பட்டாம்பாக்கம் ஷெட்டு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அழுதார். அந்தக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தார். வழி விடச் சொல்லி அவர் கத்தியதை யாரும் கேட்கவில்லை. பாஸ்கரின் மனைவி கலா அவர்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

பாஸ்கரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் அத்தை சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள், துணைக்கு நான். கட்டிலில் படுத்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். திட்டுவார் என்று பயந்து நான் அத்தையின் பின்னால் ஒதுங்கினேன். அவர் கேட்டதோ வேறு.

“எந்த கியர்ல வந்த?”

“மூணு.”

“அந்த வளைவுலயா?” என்றவர், தலையணையில் சாய்ந்துகொண்டு, “நல்ல எடம் பாத்துதான் அடிச்சிருக்க. நானா இருந்தாலும் அங்கதான் அடிச்சிருப்பேன்” என்றார்.

அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் டயரைப் பற்றியும், மண் இறுகியிருந்ததைப் பற்றியும், பண்ருட்டி வண்டியின் பிரேக்கைப் பற்றியும், ஒரே பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் போலப் பேச ஆரம்பித்தார்கள். அத்தையோடு ஓர் ஆண் அப்படிப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கலா அதுவரை ஜன்னலோரம் நின்று குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு வந்து, கட்டிலின் மேல் போர்த்தியிருந்த துணியை ஒரே இழுப்பில் விலக்கினார்.

“இதப் பாத்துக்கினே பேசுங்க.”

அத்தை பார்த்தாள். நானும் பார்த்தேன். பாஸ்கர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், தெரியாமல்தானே பட்டது என்று அத்தையிடம் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவாள், அதைப் பிடித்துக்கொண்டு தூங்கலாம் என்று நினைத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “தெரிஞ்சேதான் அடிச்சேன். பிரேக்குல காலே வைக்கல” என்றாள். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டிய பிறகு, நான் கேட்காமலேயே, “காலு போவும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னா பண்ணியிருப்பேன்னும் தெரியல” என்றாள். மோதிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவதுதான் இன்று என் தொழில். தகரம் மடங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே, ஓட்டியவர் பிரேக் பிடித்தாரா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பலர் என்னிடம் பிடித்ததாகச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அத்தை சொன்னது போல இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த மரியாதையைச் சொன்னால் நம்புவது கடினம். செம்மங்குப்பத்துக் கேட்டில் ‘தண்ணி கேனு’ போய் ‘எஸ்தர் மேடம்’ வந்தது. மற்ற ஷெட்டுக்காரர்கள் பந்தயத்துக்கு முன் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து அவளை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ‘தொடப்பக்கட்ட’ என்ற சொல்லை ஊரே மறந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து பிளாட்டுக்காரர் மைக்கை பாஸ்கரிடம் கொடுத்தார். கட்டையை ஊன்றிக்கொண்டு மேடை ஏறிய அவர், கேலி எதுவும் கலக்காமல், ஓட்டுகிறவர்களின் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னார். எந்தச் சுற்றிலும் அத்தையை யாரும் நெருக்கவில்லை. இரண்டு முறை மேலும் ஜெயித்தாள். அவளைப் பார்த்துப் பண்ருட்டியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து ஓட்டினார், சிதம்பரத்திலிருந்து பூக்கடைக்காரர் ஒருவரின் மகள் வந்து ஓட்டினார். பெண் பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் மட்டும் நின்றுபோனார்கள். “ஒருத்தன் கால எடுத்தவளுக்கு எவன் மால போடுவான்” என்று அம்மா சமையலறைக்குள் சொன்னது அத்தைக்கும் கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவர்கள் அப்படி.

என் பத்தொன்பதாவது வயதில் நானும் பெயர் கொடுத்தேன். அத்தையிடம் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. என் வண்டியின் பெல்ட்டை மட்டும் தானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனாள். அந்த வருடம் எட்டுப் பேரில் நாங்கள் நான்கு பேர் பெண்கள். மூன்றாவது சுற்றில் நான் ஐந்தாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த அத்தையின் வெள்ளை வண்டியைக் கண்ணாடியில் பார்த்து, வழி விடுவதற்காகச் சற்று ஒதுங்கினேன். அது தாண்டவில்லை. வாய்க்கால் வளைவில் என் வண்டியின் பின்பக்கத்தில் பட்டது. ஓங்கி அடித்த அடி இல்லை. அளந்து வைத்தது போல ஒரு தள்ளல். வண்டியோடு சேற்றுக்குள் போய் விழுந்தேன். ஸ்டியரிங்கில் மோதி முன்பற்கள் இரண்டு போயின.

வாயில் ரத்தமும் சேறுமாக ஜன்னல் வழியாக ஊர்ந்து வந்து எழுந்து, வழுக்கி, மறுபடி எழுந்தேன். வரப்பு நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். “மொத தடவ அப்டித்தாம்மா” என்றார் ஒருவர். மைக்கில் பாஸ்கர், “மூணாம் நம்பர், ஷீலா, மேல்பட்டாம்பாக்கம். எழுந்துட்டாங்க” என்று மட்டும் சொன்னார். நான் நின்ற இடத்தைத் தாண்டி அத்தையின் வண்டி இன்னும் ஐந்து முறை போனது, அவள் ஒருமுறையும் என் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டில் என் வாயைப் பார்த்து அம்மா அத்தையைச் சபித்தாள். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். அத்தை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் அடிக்கலன்னா வேற எவனாவது அடிச்சிருப்பான். எவ்ளோ அடிக்கணும்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.”

அது அன்பா, கணக்குத் தீர்த்ததா என்று நான் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஓட்டிக் காட்டுவேன் என்று மனதுக்குள் வைராக்கியம் எடுத்தேன். அடுத்த வருடம் பந்தயம் இல்லை. பக்கத்தில் புதிதாக நாற்கரச் சாலை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் மனைகள் ஒரே மூச்சில் விற்றுத் தீர்ந்தன.

இப்போது அங்கே ஆறு தெருக்கள் இருக்கின்றன. மாடி வீடுகள், மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்று, தெருவுக்கு இரண்டு வேகத்தடை. வாய்க்காலை சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அதன் ஓரத்தில் விலை போகாமல் நின்ற மூலை மனையைத்தான் பிளாட்டுக்காரர், கால் போனதற்கு ஈடாக, பாஸ்கருக்குக் கொடுத்திருந்தார். விழுந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டு பதினாறு வருடம் குடியிருந்தார் அவர். போன ஐப்பசியில் சர்க்கரை நோய் முற்றி இறந்துபோனார்.

அத்தை இப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரிப் பேருந்தை ஓட்டுகிறாள். பாஸ்கரின் சாவுக்குப் பணியுடையிலேயே வந்துவிட்டாள். மழைத் தூறலில் தெருவில் பந்தல் போட்டு ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் பழைய ஷெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மாலையை வைத்துவிட்டு, அத்தை உடலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த இடத்துக்குப் போய்க் கலாவின் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள். கலா நிமிர்ந்து பார்த்தார். அழுகை நின்றிருந்தது. பந்தலைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னார்:

“அவுங்களுக்கு அங்க ஒரு சேர் போடுங்க. ஆம்பளைங்களோட.”

யாரோ உடனே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அத்தை போய் உட்கார்ந்தாள். எடுக்கும் நேரம் வந்தபோது, எங்கள் பக்கத்தில் பெண்கள் காட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பண்ருட்டி ஷெட்டுக்காரர் திரும்பி, “வாங்க எஸ்தர்” என்றார், அவளும் எழுந்து அவர்களோடு நடந்தாள். பெண்கள் நாங்கள் தெருமுனையில் நின்றுவிட்டோம். பறைச் சத்தம் நாற்கரச் சாலையின் லாரி இரைச்சலில் கரையும் வரை, வேட்டிகளுக்கு நடுவே அந்த ஒரே ஒரு காக்கிச் சுடிதார் தெரிந்துகொண்டிருந்தது. கலா பார்க்காமல் உள்ளே போய், வாசலைக் கழுவத் தண்ணீர் மொண்டார்.